பள்ளியில் 15 பேர் இருந்தால் தமிழ் வகுப்பு: உங்கள் அனுபவம் என்ன?

என் மகள் கோலாலம்பூர் செந்தூலில் தமிழ்ப்பள்ளியை முடித்து, 2022இல் வீட்டுக்குப் பக்கத்து இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 (முதல் ஆண்டு) சேர்ந்தாள். சின்னப் பள்ளி, படிவத்துக்கு மூன்றே வகுப்பு. கால அட்டவணையில் தமிழ்மொழி இல்லை. அலுவலகத்தில் கேட்டேன். "படிவம் 1இல் தமிழ் வேண்டும் என்றது 6 பேர்தான். 15 பேர் வேண்டும்" என்றார் கிராணி (எழுத்தர்). சரி, விதி அப்படி என்று திரும்பிவிட்டேன். "அப்போ படிவம் 5இல் எஸ்பிஎம் தேர்வுக்குத் தமிழ் எடுக்க முடியாதாம்மா?" என்று இரவு மகள் கேட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாதான் மலேசியாவின் 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். தேசிய இடைநிலைப்பள்ளி என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே இருக்கிறது: பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்ய வேண்டும். கணக்கு ஒரு படிவத்துக்கு இல்லை, முழுப் பள்ளிக்கு!

அப்புறம் எண்ணத் தொடங்கினேன். பள்ளிப் பலகையில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், மற்றவர் என்று நான்கு கட்டம். இந்தியர் 31. பாதிப் பேர் வந்தாலே போதும் என்று நினைத்தேன். ஆனால் அந்த 31க்குள் பஞ்சாபிப் பிள்ளைகள் உண்டு, மலையாளக் குடும்பம் உண்டு. மலாய்மொழியில் நடக்கும் தேசிய ஆரம்பப்பள்ளியில் படித்து 'அ' எழுதத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. 'மற்றவர்' கட்டத்திலோ, அப்பா சபா மாநிலத்துக்காரர், அம்மா தமிழர் என்று ஒரு பெண். ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்! பலகையைப் பார்த்து யார் தமிழ் படிப்பார் என்று சொல்லவே முடியாது.

வீடு வீடாகப் போனேன். சில பெற்றோர் ரவாங், பூச்சோங் பக்கம் குடிபோய்விட்டார்கள். பிள்ளைகள் மட்டும் பாட்டியோடு அடுக்குமாடியில் இருந்து படிக்கிறார்கள். அந்தப் பெற்றோரைப் பிடிக்க இரண்டு ஞாயிறு ஆனது. கடைசியில் 17 கையெழுத்து. பள்ளி முதல்வர் அம்மா தாளை வாங்கிக்கொண்டு, "இதுவரை யாரும் எழுதிக் கேட்டதில்லை" என்றார். வகுப்பு வந்தது, ஆனால் பள்ளி முடிந்த பிறகு, வாரம் இரண்டு நாள், வேறு பள்ளி ஆசிரியரை வைத்து. பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இன்றும் மனசு கேட்கவில்லை. கால அட்டவணைக்குள் கொண்டுவர இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜெலுத்தோங் அப்பா

அக்கா, கையெழுத்து வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். இங்கே பினாங்கில் என் மகன் பள்ளியில் வகுப்பு நன்றாகத்தான் நடந்தது. படிவம் 5 பிள்ளைகள் வெளியேறினார்கள், எண்ணிக்கை 12க்கு இறங்கியது. அடுத்த ஆண்டு வகுப்பே இல்லை. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

தமிழாசிரியை, பட்டர்வொர்த்

உண்மை. ஒவ்வோர் ஆண்டும் பட்டியலைப் புதுப்பியுங்கள். படிவம் 1க்கு முந்தைய புகுமுக வகுப்புப் பிள்ளைகளை விட்டுவிடுவார்கள், அதையும் பாருங்கள். மலாய்மொழியில் தேறாததால் ஓராண்டு கூடுதலாகப் படிக்கும் அவர்களில் பலர் தமிழ்ப்பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள், தமிழ் நன்றாக எழுதுவார்கள். நான் பார்த்தவரை முதலில் மறக்கப்படுவது அவர்கள்தான். உங்கள் 17 பேரில் இந்த ஆண்டு எத்தனை பேர் முடிக்கிறார்கள்?

செந்தூல் அம்மா

நன்றி டீச்சர். இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன், 4 பேர் போகிறார்கள். 13தான் மிஞ்சும். திங்கட்கிழமை மகளின் பழைய தமிழ்ப்பள்ளிக்குப் போகிறேன். ஆறாம் ஆண்டில் யார் யார் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள் என்று கேட்டுவிடுகிறேன்.