மழை முன்னறிவிப்பைச் சோதிக்க உதவி தேவை (பைத்தான் மொழி, முன்னறிவிப்பைச் சோதிக்கும் கிளிம்பிரெட் நிரல்தொகுப்பு)

வணக்கம் நண்பர்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் 1996 முதல் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து, பென்சிலால் ஒரு நீலநிற நோட்டில் மில்லிமீட்டர் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். விடியும்போது மழை பெய்தால் பால்மரம் வெட்ட (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க) முடியாது, அன்றைய கூலி போச்சு. அதனால் அந்த எண்கள் எங்கள் வீட்டில் சும்மா எண்கள் இல்லை.

அதை முழுக்கத் தட்டச்சு செய்துவிட்டேன். இப்போது ஐரோப்பிய வானிலை மையத்தின் சீஸ்-5 என்ற பருவ முன்னறிவிப்பு (சில மாதங்களுக்கு முன்கூட்டியே சொல்வது) எங்கள் ஊருக்கு எவ்வளவு சரியாக வருகிறது என்று கிளிம்பிரெட்டில் பார்க்கிறேன். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவுத் தளத்தில் பழைய ஆண்டுகளுக்கான மறுகணிப்பு (அதே முறையில் கடந்த ஆண்டுகளைக் கணித்துப் பார்த்தது) 2016 வரை கிடைக்கிறது, ஆக நோட்டோடு பொருந்துவது 21 வருடம்தான். மழையைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று வகையாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஏழே வருடம் விழுகிறது, இதை நம்பலாமா?

அப்புறம், மறுகணிப்பில் 25 உறுப்பினர்கள் (தொடக்க நிலையைச் சற்று மாற்றி ஓட்டிய தனித்தனிக் கணிப்புகள்), நடப்புக் கணிப்பில் 51. சிஆர்பிஎஸ் (கணிப்புகளின் பரவல் உண்மை அளவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் மதிப்பெண்) உறுப்பினர் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும் என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிடப் பயமாக இருக்கிறது. மதிப்பெண் கணக்கிடும் எக்ஸ்ஸ்கில்ஸ்கோர் நிரல்தொகுப்பில் இதை எப்படிச் சரிசெய்வீர்கள்?

இன்னொன்று, முன்னறிவிப்பின் ஒரு பாகைக் கட்டம் என்றால் பக்கத்துக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர், தாழ்வான தோட்டமும் பின்னால் இருக்கும் மலையும் ஒன்றாகிவிடுகின்றன. ஒற்றை மழைமானிக்குச் சாய்வுத் திருத்தம் (கணிப்பு வழக்கமாகக் கூட்டியோ குறைத்தோ சொல்வதைச் சரிசெய்வது) செய்யும்போது, சோதிக்கும் வருடத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்ட நிரல் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.