அம்மாவோடு பார்த்த ‘காதலிக்க நேரமில்லை’

நாகேஷ் வருவார் என்று நினைத்துத்தான் அம்மா வந்து உட்கார்ந்தார். சித்தி மகன் படத்தின் பேரைச் சொன்னதும் அவருக்கு 1964இல் வந்த ஸ்ரீதர் படம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. பக்கத்துக் காம்பரா பெரியம்மாவையும் கையோடு கூப்பிட்டுவிட்டார். ஓடியது 2025 பொங்கலுக்கு வந்த புதுப்படம். கிருத்திகா உதயநிதி இயக்கியது. நித்யா மேனனும் ரவி மோகனும் நடித்தது. கணவன் இல்லாமல், விந்து தானம் மூலம் பிள்ளை பெற்றுக்கொள்கிற ஒரு பெண்ணின் கதை. பெரியவர்கள் இரண்டு பேரும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம். அன்றைக்குத் தகரத்தில் விழுந்த மழையில் பாதி வசனம் கேட்கவில்லை. விளங்காத இடத்தில் எல்லாம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் காட்சி வந்ததும் பெரியம்மா கேட்டார், “ஆம்பள இல்லாம எப்புடி புள்ள?” எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா முந்திக்கொண்டார். “நம்ம செவலைக்கு டொக்டர் வந்து ஊசி போடலயா, அது மாதிரிதான்.” பெரியம்மா முப்பது வருசமாக மாடு வளர்க்கிறவர். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மூடியைத் திறந்தால் வெள்ளையாகப் புகை வருமே, மிருக வைத்தியர் கொண்டுவருகிற அந்தப் பாத்திரம், அதற்குள் இருப்பது திரவ நைட்ரஜன். மைனஸ் 196 பாகைக் குளிர். மனித விந்தையும் அப்படித்தான் பாதுகாக்கிறார்கள் என்றேன். கருப்பைக்குள் நேராகச் செலுத்துவது ஒரு முறை. முட்டையை வெளியே எடுத்துச் சேர்த்து, கருவாக்கி வைப்பது இன்னொரு முறை. அதையும் சொன்னேன்.

அடுத்த கேள்வி, “குடுத்தவன் யாருன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?”

இந்தியாவில் சொல்லமாட்டார்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, தானம் கொடுக்கிற ஆணுக்கு வயது 21க்கும் 55க்கும் இடையில் இருக்க வேண்டும். பதிவு செய்த வங்கி மூலமாகத்தான் கொடுக்கலாம். பிறக்கிற பிள்ளை மேல் அவருக்கு எந்த உரிமையும் கிடையாது. திருமணமாகாத பெண்ணும் சிகிச்சை எடுக்கலாம், 21 வயதிலிருந்து 50 வரைக்கும். ஆனால் வாடகைத் தாய் முறை மட்டும் அவளுக்கு இல்லை. தனியாக இருக்கிற பெண்களில் விதவைக்கும் விவாகரத்தானவளுக்கும்தான் அதற்கு அனுமதி. இதையெல்லாம் தெரிந்த அளவுக்குச் சொல்லி முடித்தேன்.

பெரியம்மா ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார். “அப்ப பின்னுக்கு வந்து சண்ட போட மாட்டான்?”

“மாட்டாங்க பெரியம்மா.”

“சம்பளத்தன்னைக்கும் வர மாட்டான்?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த கட்டைவிரலை மற்றக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பென்சன் எடுத்து நாலு வருசமாகியும் அந்தக் கறை போகவில்லை. என் அப்பா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். பதிவு எழுத்து இல்லை, கலியாணம் இல்லை. நான் பிறந்த பிறகு மாதா மாதம் 10ஆம் திகதி மட்டும் வந்து, தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்துப் பக்கம் நிற்பாராம், அம்மாவின் சம்பளத்தில் பங்கு கேட்டு. எனக்கு மூன்று வயதாகும்போது அதுவும் நின்றுவிட்டது.

மழை கொஞ்சம் விட்ட நேரத்தில் அம்மா சொன்னார்: “படத்துல வர்ற பொண்ணுக்கு ஆளு பேரு தெரியாது, எழுதல. எனக்குத் தெரியும், எழுத முடியல.”

என் பிறப்புச் சான்றிதழ் இன்னும் ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றி அலுமாரிக்குள் இருக்கிறது. தகப்பன் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. பெற்றோர் விவாகமானவர்களா என்ற கூட்டில் ‘இல்லை’. எங்கள் நாட்டில் விவாகமாகாதவர்கள் என்றால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டால்தான், இல்லாவிட்டால் கோர்ட் சொன்னால்தான், தகப்பன் பெயரைப் பதிவார்கள். தாய் மட்டும் போய்ச் சொன்னால் எழுதமாட்டார்கள். முதலாம் ஆண்டில் என்னைச் சேர்க்கப் போன அன்று, அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்ட கேள்வியை நான் இங்கே எழுதமாட்டேன். அம்மா பதில் சொல்லாமல் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

படம் எனக்குப் பிடித்தது. குழந்தை வேண்டும், புருசன் வேண்டாம் என்கிற பெண். குழந்தையே வேண்டாம் என்கிற ஆண். இரண்டு பேரையும் கெட்டவர்களாக்காமல், திட்டாமல், சிரிக்கச் சிரிக்கக் கொண்டுபோகிறார்கள். தமிழில் இந்த விஷயத்தை அழுகாச்சி இல்லாமல் எடுத்ததே பெரிய காரியம். ஆனால் வருசங்கள் ஒரே தாவலில் ஓடிவிடுகின்றன. எனக்கு அந்த நடு வருசங்கள்தான் வேண்டும். 84 நாள் லீவு முடிந்ததும் என்னைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அம்மா கொழுந்து பறிக்க மலைக்கு ஏறியிருக்கிறார். பால் கொடுக்க நடுவில் இறங்கி வருவார். கூடையை வாசலில் வைத்துவிட்டு, கையைக் கழுவி, மழைக்குப் போர்த்துகிற கொங்காணியைக் கழற்றிப்போட்டு என்னைத் தூக்குவாராம். இது அங்கே இருந்த ஆயா சொன்னது. அம்மா இதைப்பற்றி வாய் திறந்ததே இல்லை.

படம் பார்த்ததைப் பாடசாலையில் சொன்னேன். கூட வேலை செய்கிற டீச்சர் ஒருத்தி, வயது முப்பத்தேழு, அப்போது எதுவும் பேசவில்லை. பின்னேரம் ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டிக்கோயா தாண்டியதும் மெதுவாகக் கேட்டாள், “ஐம்பது வயசு வரைக்கும் முடியும்னா சொன்னீங்க?” இந்தியச் சட்டத்தில் அப்படி, ஆனால் வயது கூடக் கூட முட்டையின் எண்ணிக்கையும் தரமும் குறையும், யோசனை இருந்தால் முதலில் ஒரு பெண்நோய் மருத்துவரைப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், “சட்டம் கிடக்கட்டும், எங்க அம்மாகிட்ட எப்புடி ஆரம்பிக்கிறது?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை ஆரம்பித்தது செவலைப் பசு என்று சொன்னேன். சத்தம் போட்டுச் சிரித்தாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நேற்று படம் இருக்கிற பென் டிரைவை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். வருகிற ஞாயிறு அவள் அம்மாவுக்கு மலை வேலை இல்லை.