2004 கும்பாபிஷேக கேசட்டுகள்: நாலு முடிந்தது, ஏழு பாக்கி

உறவுகளுக்கு வணக்கம்.

"கேசட் என்னாச்சு?" என்று தனித்தனியாகக் கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல். கும்பாபிஷேகத்தை எடுத்த பதினோரு மினிடிவி கேசட்டும் (வீடியோ கேமராவில் போடும் சின்ன நாடா) பத்திரமாக என்னிடம்தான் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றுவதில் தாமதத்துக்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை.

அந்தக் கேமராவில் யுஎஸ்பி துளை இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். அது மெமரி கார்டில் இருக்கும் போட்டோக்களை எடுக்க மட்டும்தான். கேசட்டில் உள்ள படத்துக்கு ஃபயர்வயர் என்ற வேறொரு இணைப்பு வேண்டும். சோனி கேமராவில் ஐ-லிங்க் என்று போட்டிருக்கும். இப்போது வரும் மடிக்கணினிகளில் அந்தத் துளை கிடையாது. நல்லவேளை, கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய மடிக்கணினியில் இருந்தது. ஆனால் அதில் காலியிடம் 30 ஜிபிதான்.

ஒரு மணி நேரக் கேசட் 13 ஜிபி பிடிக்கிறது. நொடிக்கு 25 பிரேம் (தனித்தனிப் படம்), பிரேமுக்கு 144 கேபி. கோபுரம் சும்மா நின்றாலும் அதே அளவு, ஊரே கூடிக் குலவையிட்டாலும் அதே அளவு. இந்தக் கணக்கைப் போடாமல் வரிசையாக ஏற்றினேன். மூன்றாவது கேசட்டில் யாகசாலை பூஜை முடிவதற்குள் இடமில்லை என்று நின்றுவிட்டது.

சரி, வெளி வட்டில் (எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்) நேராக ஏற்றலாம் என்று பார்த்தால் கடம் புறப்படுகிற நேரத்தில், பத்தொன்பதாவது நிமிடத்தில், அதுவும் நின்றது. வட்டில் இடம் தாராளமாக இருந்தது. ஆனால் அது கோப்புகளை அடுக்கும் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருந்ததால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வட்டில் இருந்ததை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அந்தத் தடை இல்லாத என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினேன்.

இப்போது ராத்திரிக்கு ஒரு கேசட் என்று வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரக் கேசட் ஏறவும் ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. ஏறியதும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டுச் சுருக்கினால் சுமார் 2 ஜிபிக்கு வந்துவிடுகிறது. டிஇன்டர்லேஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் ஆட்கள் நடக்கும்போது ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். சுருக்கியதை முழுசாக ஓட்டிப் பார்த்து, இரண்டு வட்டில் படியெடுத்த பிறகுதான் பெரிய கோப்பை அழிக்கிறேன். கேசட்டுகளைத் தூக்கிப் போட மாட்டேன், பயப்பட வேண்டாம்.

தேவையில்லாததை வெட்டினால் இடம் மிச்சமாகும் என்று சிலர் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது கேசட்டில் எடுத்தவர் கேமராவை நிறுத்த மறந்து தொங்கவிட்டிருக்கிறார். பன்னிரண்டு நிமிடம் சிமென்ட் தரையும் செருப்புகளும்தான். வெட்டப் போகும்போது பின்னால் பூசாரி தாத்தா குரல் கேட்டது. பந்தல்காரரிடம் பாக்கிக் கணக்குப் பேசிக்கொண்டிருக்கிறார், நடுவில் அந்த வெண்கலச் சிரிப்பு. தாத்தா போய் எத்தனை வருஷமாச்சு! வெட்டவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது கேசட்டில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. கேமராவில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கா, கேசட்டே போய்விட்டதா என்று வேறு கேமராவில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். யார் வீட்டிலாவது ஓடுகிற மினிடிவி கேமராவோ ஹெட் சுத்தம் செய்யும் கேசட்டோ இருந்தால் சொல்லுங்கள். தை மாதம் ஊருக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பென்டிரைவ் எடுத்து வாருங்கள், 32 ஜிபி போதும்.

அன்புடன்,
கீழத்தெருக்காரன், ஷார்ஜா