தாத்தா நிற்கும் ரயில் பாலம்: தெமோதரையா, கழுதுருட்டியா?

புனலூர் பேரன்:
தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தது. தண்டவாளம் கேமராவை நோக்கி நேராக வருகிறது. பின்னால் அது வளைந்து ஒரு கல் பாலத்தில் ஏறுகிறது. ஸ்லீப்பர் கட்டை நுனியில் குடையோடு தாத்தா. ஏழு வளைவுகள் தெரிகின்றன, மிச்சம் மரத்துக்குப் பின்னால். பின்பக்கம் எழுத்து ஏதும் இல்லை.

தாத்தா இலங்கையில் பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி வந்து, கேரளத்தில் புனலூர் ரப்பர் தோட்டத்தில் குடியேறினார். பெரியப்பா "இது பதுளை லைன்தான்" என்று அடித்துச் சொல்கிறார். அப்பாயி "இல்லடா, இங்க வந்தப்புறம் எடுத்தது" என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

மலைநாட்டான்:
ஏழுக்கு மேல் வளைவு என்றால் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே இருக்கும் ஒன்பது வளைவுப் பாலம்தான். 1921இல் கட்டியது. பெரியப்பா சொல்வது சரி.

மீட்டர்கேஜ் பைத்தியம்:
அவசரப்படாதீர்கள். கழுதுருட்டியில் பதின்மூன்று வளைவுப் பாலம் ஒன்று உண்டு. கொல்லம்–செங்கோட்டை பாதை, 1904இல் திறந்தது. புனலூரிலிருந்து பக்கம்தான்.

வளைவை விடுங்கள், பாதையின் அகலத்தைப் பாருங்கள். இலங்கை மலைப்பாதை ஐந்தரை அடி அகலம், அதாவது கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம். செங்கோட்டைப் பாதை அப்போது மீட்டர்கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலம், இடுப்பு உயரம். தாத்தாவின் கால் இருக்கும் அதே கட்டையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்து, அவர் உயரத்தோடு ஒப்பிடுங்கள். முன்னே பின்னே உள்ள கட்டையில் அளந்தால் கணக்கு கெட்டுவிடும். படம் பக்கவாட்டில் எடுத்திருந்தாலும் அகலம் குறைந்து காட்டும். உங்கள் படம் நேர் என்பதால் பயமில்லை.

புனலூர் பேரன்:
அளந்தேன் ஐயா. தாத்தா 66 மி.மீ., பாதை 40 மி.மீ. ஆனால் இணையத்தில் கழுதுருட்டிப் பாலத்தைப் பார்த்தால் தண்டவாளம் அகலமாக இருக்கிறதே?

மீட்டர்கேஜ் பைத்தியம்:
66க்கு 40 என்றால் மீட்டர்கேஜ்தான்; ஐந்தரை அடிப் பாதை என்றால் கிட்டத்தட்ட தாத்தா அளவுக்கே வந்திருக்கும். கழுதுருட்டியில் இப்போது இருப்பது அகலப்பாதை. 2010இல் மீட்டர்கேஜை நிறுத்தினார்கள், 2018இல்தான் புதுப்பாதை முழுதாகத் திறந்தது. நல்லவேளை, பாலத்தை இடிக்கவில்லை. இன்றைய படத்தில் தண்டவாளத்தை ஒப்பிடாதீர்கள். வளைவையும் பின்னால் உள்ள மலை விளிம்பையும் ஒப்பிடுங்கள்.

மலைநாட்டான்:
ஒரு சந்தேகம். இலங்கையிலும் சின்னப் பாதை இருந்ததே? களனிவெளிப் பாதை, நானுஓயாவிலிருந்து ராகலைக்குப் போன பாதை.

மீட்டர்கேஜ் பைத்தியம்:
நல்ல கேள்வி. அவை இரண்டரை அடி. தாத்தா ஐந்தரை அடி என்று வைத்துக்கொண்டால் அந்தப் பாதை 30 மி.மீ. தான் வரும், தொடை அளவு. மீட்டர்கேஜ் இலங்கையில் கிடையாது. தம்பி, படத்தில் பாலத்துக்குக் கீழே என்ன தெரிகிறது?

புனலூர் பேரன்:
600 டிபிஐயில் ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். வளைவுகளை ஒட்டித் தார் ரோடு, அதில் மூக்கு நீண்ட லாரி ஒன்று.

மலைநாட்டான்:
அப்படியானால் நான் தோற்றேன். ஒன்பது வளைவுப் பாலத்தின் கீழே பள்ளமும் தேயிலையும்தான், லாரி ஓடும் ரோடு ஏது?

மீட்டர்கேஜ் பைத்தியம்:
கழுதுருட்டியில் கொல்லம் ரோடு பாலத்தை ஒட்டியே போகிறது. பஸ் ஜன்னலிலிருந்தே வளைவுகளை எண்ணலாம். மலை விளிம்பு மட்டும் பொருந்திவிட்டால் முடிந்தது.

புனலூர் பேரன்:
பொருந்துகிறது! வலது பக்கம் அதே இறக்கம், அதே பிளவு. அப்பாயியிடம் காட்டினேன். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, அந்தக் குடை புனலூர்ச் சந்தையில வாங்குனது" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஸ்கேலைத் தேடியிருக்க வேண்டாம். பெரியப்பா மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.