கொரிப்போ: ஊரா, ஓட்டலா?

மலைநாடன்:
சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநிலத்தில், வெர்சாஸ்கா பள்ளத்தாக்கில் இருக்கிறது கொரிப்போ. 1850-இல் 294 பேர் வாழ்ந்தார்கள். 2000-இல் 22 பேர். அப்புறம் அதிலும் பாதி. நாட்டிலேயே மிகச் சிறிய ஊராட்சி என்ற பெயராவது மிஞ்சியிருந்தது. 2020 அக்டோபரில் அதையும் வெர்சாஸ்கா என்ற புது ஊராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது காலி வீடுகள் ஓட்டல் அறைகள். ஆள் இல்லாத ஊருக்கு எதற்கு இந்தப் பவிசு?

கணக்கப்பிள்ளை:
பவிசா? அங்கே சுவரும் கல், கூரையும் கற்பலகை. ஒரு பலகை நகர்ந்து ஒழுக ஆரம்பித்தால் உத்தரம் உளுத்து, அத்தனை பாரமும் வீட்டுக்குள் இறங்கிவிடும். வீடுகளைக் காப்பாற்ற 1975-இல் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஓட்டல் திறக்க 2022 ஆனது. அதுவும் வேண்டாம் என்றால் கற்குவியல்தான் மிஞ்சும்.

மலைநாடன்:
கல் நின்றால் ஊர் நின்றதாகிவிடுமா? வலே மாநிலத்து அல்பினெனைப் பாருங்கள். குடியேற வருகிற பெரியவருக்கு 25,000 பிராங்க், பிள்ளைக்கு 10,000 தருவது என்று 2017-இல் ஊரே கூடி வாக்களித்தது. அதுதான் ஊர் மேல் அக்கறை.

கணக்கப்பிள்ளை:
நிபந்தனையையும் சொல்லுங்கள் ஐயா. 45 வயதுக்குள் இருக்கணும், குறைந்தது 2 லட்சம் பிராங்க் பெறுமான வீடு வேண்டும், பத்து வருடம் அங்கேயே இருக்கணும். கொரிப்போ செங்குத்துச் சரிவில் நெருக்கியடித்து நிற்கிற ஊர். அங்கே புது வீட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தேன்மொழி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இருவருமே 294-ஐப் பொற்காலக் கணக்காக வைத்துப் பேசுகிறீர்கள். அந்தக் காலத்தில் குளிர்காலம் வந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு மகடினோ சமவெளிக்கு இறங்கினார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் சிறுவர்கள் மிலானில் புகைபோக்கி துடைக்கப் போனார்கள். சின்ன உடம்புதானே அந்தத் துவாரத்தில் நுழையும்! டிச்சினோவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் தங்கம் தேடிக் கப்பலேறியதும் அதே நூற்றாண்டில்தான். அந்தச் சரிவு அத்தனை பேருக்குச் சோறு போட்டதே இல்லை.

மலைநாடன்:
சரி, 294 வேண்டாம். ஓட்டலில் வேலை பார்ப்பவர்களாவது அங்கே குடியிருக்கட்டும். ராத்தங்கலுக்கு வருகிறவரைக் காட்டி ஊர் பிழைத்துவிட்டது என்று சொல்லாதீர்கள்.

கணக்கப்பிள்ளை:
குடியிருக்கட்டும், யார் தடுத்தது? கூரை இருந்தால்தானே அதைக் கேட்கவே முடிகிறது.