பாம்பன் பாலம், டாப் கியர், மூன்று பிளக்

உச்சிப்புளி ஃபிட்டர் | காலை 7.10
நேற்று ராத்திரி தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தன்னுடைய 1997 மாருதி 800க்கு இரிடியம் முனை வைத்த ஸ்பார்க் பிளக் போட்டாராம். மறுநாள் நான்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மண்டபத்தில் இருந்து பாம்பன் பாலத்தை டாப் கியரிலேயே ஏறிவிட்டாராம். ஒரு தடவைகூட மூன்றாவதுக்கு இறக்கவில்லையாம்.

796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. முப்பது வருடமாக இந்த வண்டியின் போனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவன் நான். பெட்ரோலும் காற்றும் எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவுதான் வண்டி இழுக்கும். தீப்பெட்டியை மாற்றினால் உலையில் அரிசி ஒரு படி கூடிவிடுமா?

தங்கச்சிமடம் 800 | 7.32
அந்தத் தம்பி நான்தான் அண்ணே. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். டாப்பில்தான் ஏறியது. பழைய பிளக்கில் பாலத்தின் நடு மேடு வருவதற்குள் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், மூன்றாவதுக்கு இறக்கியே ஆகணும். இப்போது இறக்கவில்லை. என் மச்சான் பக்கத்து சீட்டில் இருந்தார்.

உச்சிப்புளி ஃபிட்டர் | 7.35
மச்சான் சாட்சி எந்தக் கோர்ட்டிலும் செல்லாது.

கீழக்கரை காக்கா | 7.50
இரண்டு பேரும் ஒரு நிமிடம். ‘இழுக்கிறது’ என்று எதைச் சொல்கிறீர்கள்? பிக்கப்பா, மைலேஜா, மேட்டில் திணறாமல் போவதா? மூன்றும் ஒன்றல்ல. அதை முதலில் பேசிக்கொண்டால் சண்டை பாதி குறையும்.

உச்சிப்புளி ஃபிட்டர் | 8.20
காக்கா, அதெல்லாம் அப்புறம். டாப் கியர் விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி கழற்றிப் போட்ட பழைய பிளக்கில் கேப், அதாவது பொறி தாண்டுகிற இடைவெளி, எவ்வளவு? இந்த வண்டிக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். சாதா நிக்கல் முனை ஓட ஓடத் தேய்ந்து, இடைவெளி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். சமதரையில் ஒன்றும் தெரியாது. மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் அகலமான இடைவெளியைப் பொறி தாண்டுவது கடினம். பொறிக்குக் கரண்டு கொடுக்கிற காயில் திணறும், பொறி தவறும். மூன்றில் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்தால் வண்டி வெட்டத்தான் செய்யும்.

இதில் நம் ஊர் உப்பு வேறு. காலையில் போனட்டைத் திறந்து பிளக்கின் வெள்ளைப் பீங்கானை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அந்த உப்புப் படலம் பனி ஈரத்தை உறிஞ்சினால் கரண்டு உள்ளே போகாமல் பீங்கானின் வெளிப்பக்கமாகவே ஊர்ந்து இறங்கிவிடும். நம்பாதவர்கள் விடியும் முன் இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். ஒயர் மேலே நீலமாகப் பூரான் போல ஓடும். கொஞ்ச நாளில் பீங்கானில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு விழும். அந்தப் பிளக் அவ்வளவுதான், தூக்கிப் போட வேண்டியது. ரப்பர் மூடி வெடித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றணும்.

ஆக, புதுப் பிளக் எதைப் போட்டிருந்தாலும் வண்டி பழைய நிலைக்கு வந்திருக்கும். சாதாப் பிளக்கே போதும். இரிடியத்தின் புண்ணியம் ஒன்றும் இல்லை.

தங்கச்சிமடம் 800 | 8.26
அப்படியென்றால் டாப்பில் ஏறியது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்!

உச்சிப்புளி ஃபிட்டர் | 8.27
இல்லை.

மண்டபம் அவுட்போர்டு | 9.05
உங்கள் சண்டையைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. இருபது வருடமாக மீன்பிடி வல்லத்தின் பின்னால் மாட்டுகிற பெட்ரோல் எஞ்சின் பார்க்கிறேன். பிளக் கறுத்தால் உப்புத்தாளில் நாலு தேய்ப்பு, பெட்ரோலில் ஒரு கழுவல், மாட்டி இழுத்தால் தொடுவானம் வரை ஓடும். காருக்கு மட்டும் இரிடியம் கேட்கிறதோ?

உச்சிப்புளி ஃபிட்டர் | 9.20
தம்பி, உங்கள் டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் சேர்ந்து எரிகிறது, பிளக் கறுக்காமல் வெளுக்குமா? அதை இங்கே கொண்டு வராதீர்கள். உப்புத்தாளில் தேய்த்தால் அதன் துகள் பீங்கான் இடுக்கில் போய் உட்காரும். இரிடியம் முனை 0.4, 0.6 மில்லிமீட்டர் கனம்தான், சாதா முனை இரண்டரை மில்லிமீட்டர். அந்த ஊசியைத் தேய்த்தீர்கள் என்றால் கொடுத்த காசு தாளோடு போய்விடும். ஊர்க்காற்றில் இருக்கிற உப்பு போதாதென்று தாளிலும் உப்பு!

மண்டபம் அவுட்போர்டு | 9.24
நடுக்கடலில் எஞ்சின் நின்றால் உங்களைக் கூப்பிடமாட்டேன். அது போதும்.

சாயல்குடிக்காரன் | 10.40
எனக்கு ஒரு சந்தேகம். பிளக்கின் சூட்டு நம்பர் இருக்கிறதே, கடைக்காரர் 5ஆம் நம்பருக்குப் பதில் 6 கொடுத்தார், ‘நம்பர் கூடினால் சூடு கூட, நல்லா எரியும்’ என்கிறார். சரியா?

தங்கச்சிமடம் 800 | 10.44
தப்பு. நம்பர் கூடினால் குளிர்ந்த பிளக்.

மண்டபம் அவுட்போர்டு | 10.46
கூடினால் சூடுதான். நான் கையில் பிடித்தவன்.

கீழக்கரை காக்கா | 10.58
எந்தக் கம்பெனி பிளக் என்று ஒருவரும் கேட்கவில்லையே. என்ஜிகேயிலும் டென்சோவிலும் நம்பர் கூடினால் குளிர்ந்தது, பாஷில் கூடினால் சூடானது, நேர் தலைகீழ். சூடு என்றால் பொறியின் சூடும் இல்லை. முனையில் சேரும் வெப்பத்தைப் பிளக் எவ்வளவு சீக்கிரம் ஹெட்டுக்கு, அதாவது பிளக் மாட்டியிருக்கிற எஞ்சின் மேல்மூடிக்கு, கடத்துகிறது என்பதுதான் கணக்கு. ரொம்பக் குளிர்ந்ததைப் போட்டால், பஸ் ஸ்டாண்டு வரை மட்டும் போய்வருகிற வண்டியில் கரி படியும். முனை 450 டிகிரியாவது ஏறினால்தான் கரி தானே எரிந்து போகும்.

உச்சிப்புளி ஃபிட்டர் | 11.02
காக்கா சொல்வது இருக்கட்டும். தம்பி, பாலம் ஏறியது என்றைக்கு?

தங்கச்சிமடம் 800 | 11.05
ஞாயிற்றுக்கிழமை.

உச்சிப்புளி ஃபிட்டர் | 11.15
மாட்டிக்கொண்டார்! ஞாயிற்றுக்கிழமை பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, கீழே ரயில் பாலத்தைப் படம் எடுக்கிற கூட்டம் எவ்வளவு நிற்கும் என்று இந்த ஜில்லாவுக்கே தெரியும். அந்தக் கூட்டத்துக்குள் டாப் கியரா? 1988இல் பாலம் திறந்ததில் இருந்து போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே மூன்றாவதே பெரிய விஷயம்.

அப்புறம், அன்றைக்குத் தென்மேற்கில் இருந்து வருகிற கச்சான் காற்று. மண்டபத்தில் இருந்து தீவுக்குள் போகிறவனுக்குப் பின்பக்கம் ஒரு தள்ளு கிடைக்கும். ஏறியிருந்தால் காற்றில் ஏறியிருக்கும், பிளக்கில் இல்லை.

மண்டபம் அவுட்போர்டு | 11.21
கச்சான் பின்னால் தள்ளாது ஐயா, வலது விலாவில் அடிக்கும். காற்றை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

தங்கச்சிமடம் 800 | 11.30
விடியற்காலை ஐந்தரைக்குப் போனேன் அண்ணே. அந்நேரம் பாலத்தில் படம் எடுக்க யார் நிற்பார்? முப்பது வருடம், முப்பது வருடம் என்கிறீர்களே, போன வருடம் எங்கள் மாமா வண்டியில் சூடு ஆறும் முன்னே பிளக்கைக் கழற்றி, ஹெட்டில் திரெட்டோடு பிடுங்கியது யார்? அலுமினிய ஹெட் என்று தெரியாதா?

உச்சிப்புளி ஃபிட்டர் | 11.48
அந்தக் கதையை முழுதாகச் சொல்லவேண்டும். உங்கள் மாமா நான்கு வருடம் பிளக்கைத் தொடவே இல்லை. வெளிக்கூடு துரு ஏறி ஹெட்டோடு ஒன்றாகிக் கிடந்தது. கல்யாணத்துக்குப் போகணும், உடனே வேண்டும் என்று தலைமேல் நின்றவரும் அவர்தான். கழற்றும் முன் பிளக் குழியில் கிடந்த தனுஷ்கோடி மணலை சைக்கிள் பம்பால் ஊதி எடுத்தவன் நான். இல்லையென்றால் அத்தனை மணலும் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். அதற்கு யாராவது நன்றி சொன்னீர்களா? புதுப் பிளக்கைக் கையாலேயே கடைசி வரை சுற்றி, வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் ஸ்பேனர் போட வேண்டும். உங்கள் மாமா அதற்கு மேலே காலால் மிதித்தார்.

தங்கச்சிமடம் 800 | 11.52
மாமாவுக்கு முழங்கால் வலி. அவர் எதையும் மிதிப்பதில்லை.

சாயல்குடிக்காரன் | 12.10
என்னுடையது என்ஜிகேதான். 6 போடலாமா, வேண்டாமா?

உச்சிப்புளி ஃபிட்டர் | 12.15
கடைசியாக ஒன்று. கழற்றிய பழைய பிளக் மூன்றையும் கொண்டு வாருங்கள். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு கேப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். 0.8க்குள் இருந்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

தங்கச்சிமடம் 800 | 12.31
அது இல்லை அண்ணே. பையன் தூண்டிலில் ஈயக்குண்டுக்குப் பதிலாகக் கட்டி வீசினான். பாறையில் சிக்கி அறுந்து, மூன்றும் கடலுக்குள் போய்விட்டன.

உச்சிப்புளி ஃபிட்டர் | 12.32
எந்தக் கடல்? வடகடலா, தென்கடலா?

மண்டபம் அவுட்போர்டு | 12.40
வடகடல் என்றால் வல்லம் தருகிறேன், மூழ்கி எடுங்கள். டீசல் காசு மட்டும் ஃபிட்டர் ஐயா கொடுக்கணும்.

உச்சிப்புளி ஃபிட்டர் | 12.41
அவுட்போர்டுக்கு எதற்கய்யா டீசல்?