ரேஞ்ச்ஃபைண்டருக்குத் தமிழ்ச்சொல்: தைப்பூசப் பட்டறைக் கையேட்டுக்காக

ரோஸ் ஹில்லிலிருந்து:

மொரீஷியஸிலிருந்து அனைவருக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடிக்கு முன்னதாக உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபிலிம் கேமராப் பட்டறை நடத்துகிறோம். கையேடு பிரெஞ்சு, கிரியோல், தமிழ் என மூன்று பத்தியாக வருகிறது. மற்ற இரண்டும் முடிந்துவிட்டன. தமிழ்ப் பத்தி தலைப்பிலேயே நிற்கிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

பிள்ளைகள் கையில் கொடுக்கப்போவது ஸோர்க்கி-4. மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க்கில் 1956 முதல் 1973 வரை செய்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, அதாவது எடுக்கும் பொருளின் தொலைவுக்கேற்ப வில்லையைக் குவிக்க உதவும் கருவி உள்ளேயே அமைந்தது. வில்லை (லென்ஸ்) ஜுப்பீட்டர்-8, குவியத்தூரம் 50 மி.மீ., முழுத் திறப்பு எஃப்/2. பழைய ஜெர்மன் கேமரா லைக்காவின் விலைக்குப் பக்கத்தில்கூட எங்களால் போக முடியாது. இது கைக்கு எட்டுகிறது, லைக்காவின் அதே 39 மி.மீ. திருகில் வரும் பழைய வில்லைகள் பெரும்பாலானவற்றை ஏற்கிறது.

ரேஞ்ச்ஃபைண்டர் என்பதற்கு என்ன எழுதலாம்? பிரெஞ்சுப் பத்தியில் தெலேமேத்ர் என்று இருக்கிறது. ரேஞ்ச்ஃபைண்டர் என்றே தமிழெழுத்தில் எழுதிவிடலாமே என்று ஏற்பாட்டாளர் ஒருவர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 1998இல் புது ரூபாய்த் தாளில் தமிழ் வரி இடம் மாறியபோது நம்மவர்கள் எதிர்த்து நின்று அந்தத் தாள்களையே திரும்பப் பெற வைத்தார்கள். அப்படிக் காத்த இடத்தை வெறும் எழுத்துப்பெயர்ப்பால் நிரப்பக் கூடாது. உதவுங்கள்.

கியூர்பிப்பிலிருந்து:

அம்மா, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். யாரும் 'தூரமானி' என்று எழுதிவிடும் முன் சொல்லிவிடுகிறேன், தூரம் வடசொல். மானியும் மானம் என்பதன் வழி வந்தது. அது தமிழின் 'மா' என்னும் அளவையோடு தொடர்புடையது என்பாரும் உண்டு. அந்த வழக்கு தீர்வதற்குள் உங்கள் வெள்ளிக்கிழமை போய்விடும்.

நம்மிடம் 'சேண்' இருக்கிறது. தொலைவு, உயரம் இரண்டையும் குறிக்கும் சங்கச் சொல். சேய்மை, சேய்மைச்சுட்டு எல்லாம் அந்தக் குடும்பம். ஃபைண்டர் என்பதற்குக் 'காண்' என்ற வினையோடு இகர விகுதி சேர்த்தால் போதும். மண்வெட்டி, தேங்காய்த்துருவி போலக் கருவிப்பெயர் பிறக்கும். ஆக, சேண்காணி. நான்கே எழுத்தில் முடிகிறது, ஒரு மாத்திரை மிகையில்லை.

இன்னொன்றும் மனத்தில் படுகிறது. பிள்ளைகள் எடுக்கப்போவது காவடிப் படம். முருகன் சேய், சேயோன். சேய்மையைக் காணும் கருவியால் சேயோனைக் காண்கிறார்கள். சொல் தானாகவே வந்து அமர்கிறது.

டர்பனிலிருந்து:

ஐயாவுக்கு வணக்கம். சேயோன் என்பதற்குச் செம்மை, செந்நிறம்தான் அடி. மாயோனுக்குக் கருமை எப்படியோ அப்படி. சேய்மையோடு அதை முடிச்சுப் போட ஒலி ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. காவடிக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று ஏற்றுக்கொண்டால் பிள்ளைகளுக்குத் தவறான வேரைக் கற்பித்தவர்களாவோம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. இங்கே என் சனிக்கிழமை வகுப்பில் இருப்பவர்கள் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடிய தலைமுறையின் பிள்ளைகள். எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள். 'சேண்' என்று போட்டால் அகராதியைத் திறக்க வேண்டும். 'தொலை' அவர்களுக்குத் தெரியும், தொலைபேசியும் தொலைக்காட்சியும் வீட்டில் இருக்கின்றன. தெரிந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குப் போவார்கள். அதனால் 'தொலைவுகாணி' என்பேன். ஐயாவின் காணி அப்படியே இருக்கட்டும், அது அழகான பகுதி.

சென் தெனியிலிருந்து, ரெயூனியன்:

தொலைவுகாணி எதற்கு? மொரீஷியஸிலும் எங்கள் தீவிலும் பிள்ளைகள் பிரெஞ்சு வழியாகத்தான் இந்தக் கருவியை அறிகிறார்கள். தெலே என்றால் தொலை, மேத்ர் என்றால் மானி. தொலைமானி என்று எழுதினால் பக்கத்துப் பத்தியைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். வெப்பமானி, அழுத்தமானி என்று மானி பாடநூலில் எப்போதோ குடியேறிவிட்டது. இன்றைக்கு அதன் பிறப்புச் சான்றிதழைக் கேட்க வேண்டியதில்லை.

கூடவே ஒரு வேண்டுகோள். 'வில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பிரெஞ்சில் லாந்தி வேறு, ஒப்ஜெக்தீஃப் வேறு. லாந்தி ஒற்றைக் கண்ணாடி. கேமராவில் திருகுவது ஒப்ஜெக்தீஃப். ஜுப்பீட்டர்-8க்குள் மூன்று தொகுதியாக ஆறு கண்ணாடிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் வில்லை என்றே எழுதினால் 'ஆறு வில்லை கொண்ட வில்லை' என்று வாக்கியம் அமையும். 'வில்லைத்தொகுதி' என்றாவது போடுங்கள்.

போர்ட் லூயிசிலிருந்து:

டீச்சர், அந்த ஸோர்க்கிகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லாரும் தொலைவைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தக் கேமராவைப் பிடித்துப் படம் எடுப்பவர் யாரும் தொலைவைப் பார்ப்பதில்லை.

கண்ணை வைத்துப் பார்த்தால் காட்சியின் நடுவில் ஒரு சின்னத் திட்டு தெரியும். முன்பக்கம் இரண்டு சன்னல்கள் உண்டு. ஒன்றின் வழியாக வரும் காட்சியின் மேல், பாதி ஒளி ஊடுருவும் ஆடி மற்றதன் காட்சியைப் போடுகிறது. அதனால் திட்டுக்குள் எல்லாம் இரண்டாகத் தெரிகிறது. வில்லையைச் சுழற்றும்போது அதன் பின்வளையம் உள்ளே ஒரு விரல் போன்ற நெம்புகோலைத் தள்ளும். இரட்டைக் காட்சி நகர்ந்து ஒன்றாகும். ஒன்றானதும் விசையை அழுத்துகிறோம். எத்தனை மீட்டர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

போன காவடிக்கு இதோடுதான் போனேன். இரண்டு உருவமும் பக்கவாட்டில்தான் நகரும். அதனால் காவடியின் குறுக்குக் கம்பைப் பார்த்தால் எதுவும் பிடிபடாது, அது எப்போதும் ஒன்றாகவே தெரியும். நெட்டாக நிற்கும் ஒன்றைத் தேட வேண்டும். நாக்கில் குத்திய அலகின் நுனியிலிருந்து பார்வையை விலக்கி, பக்கத்தில் வேலைத் தாங்கி நின்றவரிடம் போனேன். திட்டுக்குள் இரண்டு வேல். மெல்லத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒரே வேலானது. பிள்ளைகளுக்கு நான் கற்றுத்தரப்போவது இந்தப் பொருத்தத்தைத்தான். ஆகவே கருவிக்குப் பெயர் 'இணைகாட்டி'.

தொலைமானி ஏன் சரியில்லை என்பதற்கு இன்னொரு காரணம் சொல்கிறேன். சோவியத் 50 மி.மீ. வில்லைகளின் உண்மையான குவியத்தூரம் 52.4 மி.மீ. என்ற கணக்கில் அமைந்தது, லைக்காவின் கணக்கு 51.6. ஜுப்பீட்டரை ஸோர்க்கியில் போட்டால் சிக்கல் இல்லை. அதையே லைக்காவின் கணக்குப்படி செய்த வோய்க்லாண்டர் பெஸ்ஸா-ஆர் கேமராவில் திருகி, எஃப்/2இல் கிட்டத்தில் நிற்பவரை எடுத்துப் பாருங்கள். திட்டு அச்சாகப் பொருந்தும், படத்தில் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக விழும். அளப்பது அதன் வேலை என்றால் இப்படி நடக்காது. அது பொருத்திக்காட்டும் கருவி, அவ்வளவுதான்.

சென் தெனியிலிருந்து, ரெயூனியன்:

தம்பி, பிழையான வெப்பமானியும் வெப்பமானிதான். தவறாகக் காட்டுகிறது என்பதற்காக அது அளக்கும் கருவி இல்லை என்றாகாது. நீங்கள் சொன்ன நெம்புகோல் நகரும் அளவே தொலைவின் அளவுதான். எண் மட்டும் நம் கண்ணுக்குப் படவில்லை.

கியூர்பிப்பிலிருந்து:

தம்பி விளக்கியதை இரண்டு முறை படித்தேன். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனாலும் 'இணைகாட்டி' கருவியின் காரணப்பெயர் ஆகாது, அதன் ஒரு நிகழ்ச்சியின் பெயர்தான். எதை எதோடு இணைக்கிறது என்று சொல்லில் இல்லை. இரு பேருந்துத் தடங்கள் சேரும் இடத்துப் பலகைக்கும் அந்தப் பெயர் பொருந்தும். கேமராவில் சேராத தனி ரேஞ்ச்ஃபைண்டர்களும் உண்டு, பீரங்கிப் படையினர் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியது தொலைவு மட்டுமே. ஒரு கலைச்சொல் அங்கும் செல்ல வேண்டும்.

காணி பற்றி டர்பன் அம்மா பாராட்டியது மகிழ்ச்சி. எண்பதில் ஒரு பங்குக்கும் காணி என்றே பெயர், நிலத்துக்கும் காணி. கரும்புக் காட்டில் பிறருக்கு உழைத்துப் பிறகு தமக்கென ஒரு துண்டுக் காணி வாங்கியவர்களின் பேரர்கள் நாம். அந்தச் சொல் மூன்றாவது பொருளோடு இந்தக் கருவியில் ஏறுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்கலாம். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் படங்கள் இருக்கின்றன. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் முடித்த 'பழைய குடியேறிகள்' படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். அந்த முகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கேமராவின் எந்தப் பக்கத்தில் நம்மவர்கள் உட்கார வைக்கப்பட்டார்கள் என்று. இன்று நம் பிள்ளைகள் மறுபக்கம் நிற்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பதற்கு நல்ல தமிழில் பெயர் வேண்டும்.

பழைய வில்லை பற்றி ஒரு கேள்வி. எங்கள் ஊர் மழையிலும் ஈரத்திலும் என் ஜுப்பீட்டருக்குள் சிலந்தி நூல் போலப் பரவியிருக்கிறது. அதற்குக் கையேட்டில் பூஞ்சணமா, பூஞ்சையா?

டர்பனிலிருந்து:

பூஞ்சை போதும் ஐயா, எல்லாருக்கும் தெரிந்த சொல். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

ரோஸ் ஹில்லிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. இன்று வகுப்பில் நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, விளக்கம் எதுவும் தராமல் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். சேண்காணியைப் பார்த்து ஒருவன் குதிரைச் சேணமா என்றான். சாந்த் மார்ஸ் பந்தயத்திடல் பக்கத்து வீட்டுப் பையன், அவனுக்கு அது இயல்பு. தொலைமானிக்கு, வண்டி ஓடிய கிலோமீட்டரைக் காட்டுவதா என்றார்கள். இணைகாட்டிக்கு யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் தம்பி எழுதியதை விளக்கியதும் எல்லாருக்கும் பிடித்த சொல் அதுதான். தொலைவுகாணிக்கு ஒரு பெண் 'எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்ப்பது' என்றாள். விளக்காமலேயே அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டாள்.

இதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு நேரமில்லை. கையேட்டில் 'தொலைவுகாணி', 'தொலைவுகாணிக் கேமரா' என்றே போகிறது. நடுவில் தெரியும் இரட்டைக் காட்சிப் பகுதிக்குத் தம்பியின் சொல்லையே எடுத்து 'இணைதிட்டு' என்று வைத்தேன். 'வில்லை' அப்படியே இருக்கும். உள்ளே இருப்பவற்றைக் 'கண்ணாடி' என்று எழுதிவிட்டேன், 'ஆறு கண்ணாடி கொண்ட வில்லை'. வில்லைத்தொகுதி என்று பக்கம் முழுதும் எழுதினால் வாக்கியம் கனத்துப்போகிறது. ஒளிப்படமா நிழற்படமா என்ற விவாதத்தை இந்த வாரம் யாரும் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போர்ட் லூயிசிலிருந்து:

இணைதிட்டு கிடைத்ததே போதும் டீச்சர். அப்படியென்றால் எச்சரிக்கைப் பெட்டியில் இவற்றைச் சேருங்கள், சொல்லைவிட இவை அவசரம்.

ஃபிலிமைச் சுற்றி விசையை ஏற்றிய பிறகே வேகச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஏற்றுமுன் திருப்பினால் உள்ளே உடையும். கேமராவுக்குள் மறைக்கும் ஆடி இல்லை, ஷட்டர் திரைச்சீலை வெறும் துணி. வில்லை மூடியில்லாமல் உச்சி வெயிலைப் பார்த்தபடி கழுத்தில் தொங்கவிட்டால் சூரியன் துணியில் குவிந்து ஓட்டை போட்டுவிடும், பிறகு ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் புள்ளி விழும். மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சிச் சன்னல் காட்டிக்கொடுக்காது, அது தனி வழி என்பதால் காட்சி வழக்கம்போலத் தெரியும். அன்றைய வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமில் 1/500 நொடி, எஃப்/16 என்று தொடங்கலாம், பந்தலுக்குள் திறந்துகொள்ளட்டும். ஜுப்பீட்டர் எதிரிலிருந்து வரும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், 40.5 மி.மீ. மறைப்புவளையம் (லென்ஸ் ஹுட்) இருந்தால் மாட்டுங்கள். கண்ணாடி அணிந்தவர்களுக்கு: சுருட்டும் குமிழுக்கு அடியில் ஒரு நெம்பு இருக்கிறது, அதைத் திருப்பிப் பார்வைக்குச் சரிசெய்யலாம்.

டர்பனிலிருந்து:

மிக நல்லது. கிட்டத்தில் எடுக்கும்போது காட்சிச் சன்னல் ஒன்றைக் காட்ட, வில்லை சற்றே கீழே வேறொன்றைப் பிடிக்குமே, பேரல்லாக்ஸ்? அதற்கும் ஒரு வரி வேண்டும்.

கியூர்பிப்பிலிருந்து:

அதற்குப் பாடநூலில் 'இடமாறு தோற்றம்' இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் மாற்ற வேண்டாம்.

தொலைவுகாணி பெரும்பான்மையால் போகிறது என்பதை ஏற்கிறேன். என் ஒப்புதல் இல்லை என்பதையும் பதிவில் வையுங்கள். 'தொலை' என்பதில் அழிவுப் பொருளும் உண்டு. தொலைபேசிக்கு அது பழகிப்போனதாலேயே குற்றம் நீங்கிவிடவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலில் அதற்குப் பக்கத்தில் ஓர் இடம் மட்டும் விட்டு 'சேண்காணி' என்று அச்சிடுங்கள். அடுத்த பதிப்புக்கு நான் இதை மறுபடி எழுப்புவேன்.